பச்சைத்தோலும் பசுமை அமர்வும்: ‘கிரீன்’ என்னும் ஆங்கிலப் பெயரடையின் தமிழாக்கம் குறித்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

‘கிரீன்’ என்னும் ஆங்கிலப் பெயரடை நிறத்தை மட்டும் குறிப்பதன்று. பதப்படாத நிலை, மாசு அளவின் குறியீடு, சுற்றுச்சூழல் காப்பு ஆகிய பொருள்களையும் அது ஏற்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பாலாற்றுத் தோல் தொழிற்பகுதியில் இப்பொருள்கள் ஒரே வழக்காவணத்துள் அருகருகே வருதற்கு இடமுண்டு. தமிழில் பச்சை, பசுமை என்னும் இரு சொற்கள் இவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்பகிர்வைக் கருதாது ‘பசுமை’ என்னும் ஒரே நிகரனை எல்லா இடத்தும் பெய்வதால் பொருள் மயங்குவதையும், தமிழ் இலக்கணம் கூறும் தொகை–விரி வேறுபாடு அம்மயக்கத்தைத் தீர்க்கும் வகையையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

குறிச்சொற்கள்: பச்சை, பசுமை, பண்புத்தொகை, கலைச்சொல்லாக்கம், தோல் பதனிடுதொழில், பாலாறு

முன்னுரை

ஆங்கிலத்தில் மிகப் பரவலாக வழங்கும் பெயரடைகளுள் ‘கிரீன்’ ஒன்று. தொடக்கப் பள்ளியிலேயே அது நிறப்பெயராகக் கற்பிக்கப்படுகிறது. தமிழ் நிகரன் ‘பச்சை’ என்பதும் அப்போதே மனத்தில் பதிகிறது. பின்னர்ச் செய்தித்தாள் வழியாகவும் அரசாணை வழியாகவும் ‘பசுமை’ என்னும் மற்றொரு நிகரன் அறிமுகமாகிறது. பசுமைப் புரட்சி, பசுமைத் தீர்ப்பாயம், பசுமை எரிசக்தி என அவ்வரிசை நீள்கிறது. இவ்விரண்டுள் எதனை எங்கு ஆள்வது என்பது பெரும்பாலும் செவிப்பழக்கத்திற்கு விடப்பட்டுள்ளதேயன்றி ஆய்வுக்கு உட்படுத்தப்படவில்லை எனலாம்.

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்பகுதி இவ்வாய்வுக்கு ஏற்ற களம். அங்கே ஆலைக்குள் வரும் பதனிடாத தோல் ஆங்கில வணிக வழக்கில் ‘கிரீன் ஹைட்’ எனப்படும். அவ்வாலையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிவப்பு வகையில் சேர்க்கிறது. ‘கிரீன்’ என்பது அவ்வகைப்பாட்டில் வேறொரு படிநிலையின் பெயர். அவ்வாலையின் கழிவுநீரால் நிலமிழந்தோர் முறையிட அமைந்த நீதிமன்ற அமர்வின் பெயரும் ‘கிரீன் பெஞ்ச்’. சொல் ஒன்று, பொருள் மூன்று. மூன்றையும் தமிழில் எவ்வாறு சொல்கிறோம் என்பது நடைநயம் பற்றிய வினா மட்டுமன்று. ஆலையின் அறிவிப்பைப் படிக்கும் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் அதில் உறுதியளிக்கப்படுவது யாது என விளங்குமா என்பது அதனுள் அடங்கியுள்ளது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் பொருட்பரப்பும்

‘கிரீன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘கிரேனெ’ என வழங்கிய செர்மானியச் சொல். வளர்தலைக் குறிக்கும் ‘குரோ’, புல்லைக் குறிக்கும் ‘கிராஸ்’ ஆகியனவும் இதே அடியிலிருந்து கிளைத்தவை எனச் சொற்பிறப்பியலார் கொள்வர். செர்மன் மொழியின் ‘குரூன்’ இதன் உடன்பிறப்பு. ஆகவே அச்சொல்லின் அடிப்பொருள் நிறம் என்பதைவிட வளர்ச்சி என்பதே பொருந்தும். வளர்கின்ற பயிரின் தோற்றமே நிறப்பெயராக நிலைபெற்றது.

வளர்கின்ற ஒன்று இன்னும் முற்றாதது. இக்கருத்தே அப்பெயரடையின் அடுத்த பொருட்கிளை. பழுக்காத காய், உலராத மரம், சுடாத செங்கல், பதனிடாத தோல், பயிற்சியற்ற புதியவர் ஆகிய அனைத்தையும் ஆங்கிலம் ‘கிரீன்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. அனுபவமற்றவரைக் குறிக்கும் ‘கிரீன்ஹார்ன்’ என்பது முதலில் இளங்கொம்புடைய விலங்கைக் குறித்தது. பிரெஞ்சு மொழியிலும் பதனிடாத தோலுக்குப் பச்சை நிறப்பெயரை அடையாகப் பெற்ற தொடரே வழங்குகிறது. அந்நிறப்பெயர் இலத்தீன் வழி வந்தது. செர்மானிய அடியோடு தொடர்பற்றது. வேர் வேறாயினும் பொருள் சென்ற வழி ஒன்றாகவே உள்ளது.

சுற்றுச்சூழல் காப்பு என்னும் பொருள் இச்சொல்லுக்கு மிக அண்மையில் வந்தது. 1971இல் தொடங்கிய ‘கிரீன்பீஸ்’ இயக்கமும், 1980இல் மேற்கு செர்மனியில் உருவான பசுமைக் கட்சியும் இப்பொருளை உலகெங்கும் பரப்பின. இவற்றுக்குச் சற்று முன்னர், 1968இல், அமெரிக்க அலுவலர் வில்லியம் காட் உயர்விளைச்சல் வேளாண்மையைக் குறிக்கப் ‘பசுமைப் புரட்சி’ என்னும் தொடரை ஆண்டார். அப்புரட்சி செயற்கை உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் சார்ந்தது. இன்று அதே அடைமொழி அவ்விரண்டையும் தவிர்ப்பதைக் குறிக்கவும் வருகிறது. அரை நூற்றாண்டுக்குள் ஒரு பெயரடை தன்னோடு முரணும் பொருளையும் ஏற்றுக்கொண்டது. ‘பசுமை’ என்னும் தமிழ்ச் சொல்லும் மொழிபெயர்ப்பின் வழியே அம்முரணைச் சுமக்கிறது.

தமிழில் ‘பசு’ என்னும் அடி

பசுமை, பச்சை, பாசி, பசலை, பைந்தமிழ் என்பதன் ‘பை’, பாசிலை என்பதன் ‘பாசு’ ஆகியன ஓரடியின் வடிவங்கள். பண்புப்பெயர்ப் புணர்ச்சியில் ஈறு கெடுதல், முதல் நீளல், அடியகரம் ஐகாரமாதல் முதலியவற்றை நன்னூல் வகுத்துக் கூறுவதால் இவ்வடிவ உறவு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. கவனிக்கத் தக்கது பொருளுறவு. பசும்பொன்னில் இலைநிறம் இல்லை. பசலையிலும் அந்நிறம் இல்லை. புறநானூற்று 258ஆம் பாடலில் வரும் பச்சூன், பைந்நிணம் என்னும் சொற்கள் சுடாத இறைச்சியையும் புதிய கொழுப்பையும் குறிக்கின்றன. அவற்றின் நிறம் செம்மையும் வெண்மையுமே. எனவே சங்க காலத்திலேயே ‘பசு’ என்னும் அடி நிறத்தைக் கடந்து, பதப்படாமை, புதுமை ஆகிய பொருள்களில் வழங்கியது தெளிவு.

இவற்றினும் நம் களத்திற்கு நெருக்கமான சான்று பொருநராற்றுப்படையில் உள்ளது. அங்கே யாழின் பத்தரைப் போர்த்திய தோல் ‘பச்சை’ என்றே பெயர் பெறுகிறது. அத்தோல் விளக்கின் சுடர் போன்ற நிறமுடையதாகப் புனையப்படுகிறது என்பது எண்ணத் தக்கது. சுடர்நிறப் பொருளைப் புலவர் பச்சை என்கிறார். எனவே அச்சொல் அங்கே நிறப்பெயராதல் இயலாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் பச்சை என்பதற்குத் தோல் என்னும் பொருளை இவ்விடத்தைச் சான்றாகக் கொண்டு தருகிறது. பதப்படாமையைக் குறித்த அடைமொழி, தான் அடுத்து வந்த பொருளின் பெயராகவே மாறிய ஆகுபெயர் வளர்ச்சியாக இதனைக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இன்றைய வழக்கிலும் இப்பொருள் உயிருடன் உள்ளது. பச்சைத் தண்ணீர் காய்ச்சாதது, பச்சரிசி புழுக்காத நெல்லிலிருந்து வந்தது, பச்சை மண் சுடாதது, பச்சைப் புண் ஆறாதது, பச்சைப்பிள்ளை உலகறியாதது, பச்சை உடம்பு பிள்ளை பெற்றுத் தேறாதது. இவை எவற்றிலும் நிறம் இல்லை. ‘இன்னும் ஆகவேண்டிய ஒன்று ஆகவில்லை’ என்னும் எதிர்மறைக் குறிப்பே எல்லாவற்றிலும் உண்டு. பச்சைத்தோல் இவ்வரிசையின் இயல்பான உறுப்பு. அது ‘கிரீன் ஹைட்’ என்பதன் மொழிபெயர்ப்பு எனக் கருதுவார்க்கு யாழின் பச்சையும் புறநானூற்றுப் பச்சூனும் விடை கூறும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோல் வணிகத்தில் தமிழோடு உருதுவும் வழங்குகிறது. உருதுவில் பதனிடாத தோல் ‘கச்சா’ என்னும் அடை பெறும். அச்சொல்லுக்கும் பழுக்காதது, வேகாதது என்பனவே பொருள். தமிழ் அதனைக் கச்சா எண்ணெய், கச்சாப் பொருள் என்னும் தொடர்களில் ஏற்றுக்கொண்டது. ஆக, இப்பகுதியின் தோல் வணிகத்தில் வழங்கும் தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் பதனிடாத தோலைப் பழுக்காத காயின் சொல்லாலேயே அழைக்கின்றன. தொழில் அறிவு மொழி எல்லைகளைக் கடந்து ஒரே உருவகத்தில் நிற்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆலைக்குள் பச்சை

பச்சைத்தோல் என்னும் சொல் ஆலையில் ஒரு காலக்கட்டத்தைக் குறிக்கிறது. உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். அதனைத் தடுக்க உப்பிடுவர். வழக்கமான முறையில் தோலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு இதற்குச் செலவாகும். ஆலைக்கு வந்ததும் தோல் நீரில் ஊறவைக்கப்படுகிறது. உப்பு நீரில் கரைந்து வெளியேறுகிறது. அதன்பின் சுண்ணாம்பிடுதல், மயிர் நீக்குதல், சதை சீவுதல், சுண்ணாம்பு அகற்றுதல் என வரிசையாகப் பணிகள் நடந்து, இறுதியில் பதனிடுதல் நிகழ்கிறது. முன்னர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பதனிடு பொருள்களாக இருந்தன. பின்னர்க் குரோமிய உப்பு பேரளவில் இடம்பெற்றது. குரோமியத்தால் பதனிட்ட ஈரத்தோல் நீலநிறம் பெறுவதால் ‘வெட் புளூ’ எனப்படுகிறது.

இங்கே ஒரு வேறுபாடு நோக்கத் தக்கது. ‘வெட் புளூ’ என்பதிலுள்ள நீலம் உண்மையான நிறம், கண்ணால் காணலாம். ‘கிரீன் ஹைட்’ என்பதிலுள்ள பச்சை நிறமன்று, நிலை. ஒரே ஆலையின் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வரும் இரு நிறப்பெயர்களுள் ஒன்று நிறத்தையும் மற்றொன்று நிலையையும் குறிக்கின்றன. அகராதியைத் துணைக்கொண்டு மட்டும் மொழிபெயர்ப்பவர் இங்கே இடறுவது எளிது.

‘கிரீன் பிளஷிங்’ என்னும் தொழிற்சொல்லை எடுத்துக்கொள்வோம். தோலின் உட்புறத்தில் ஒட்டியுள்ள சதையைச் சுண்ணாம்பிடுவதற்கு முன்னரே சீவி அகற்றுவதற்கு அது பெயர். சுண்ணாம்பிட்ட பின் சீவுவது மற்றொரு முறை. முன்னதனைப் ‘பச்சையிலேயே சதை சீவுதல்’ என்றால் ஆலைத் தொழிலாளர் எவரும் புரிந்துகொள்வர். ‘பசுமைச் சதைநீக்கம்’ என்றால், சுற்றுச்சூழலுக்கு நலம் பயக்கும் புதிய தொழில்நுட்பம் ஒன்று என்னும் மயக்கமே எழும். இம்மயக்கத்தை வலுப்படுத்தும் தற்செயல் ஒன்றும் உண்டு. பச்சையிலேயே சீவிய சதையில் சுண்ணாம்பும் சல்பைடும் கலப்பதில்லை. ஆகவே அக்கழிவு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. நிலையைக் குறித்த சொல்லின் தவறான மொழிபெயர்ப்பு, முழுப் பொய்யாகவும் இராமல் முழு உண்மையாகவும் இராமல், பாதி உண்மையாகிப் பிழைத்துவிடுகிறது. இத்தகைய பாதி உண்மைகளே கலைச்சொல்லாக்கத்தில் களைவதற்கு அரியவை.

பச்சைத்தோல் என்னும் சொல்லைக் காப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தோல் கழிவு என்றதும் பொதுமக்கள் மனத்தில் முதலில் தோன்றுவது குரோமியம். ஆனால் கழிவுநீரில் கரைந்துள்ள உப்பின் பெரும்பகுதி, பதனிடுதல் தொடங்குமுன், பச்சைத்தோலை ஊறவைக்கும் முதற்கட்டத்திலேயே சேர்கிறது. கிணற்று நீரின் உவர்ப்பு தொடங்கும் இடங்களுள் இது முதன்மையானது. எந்தச் சொல்லைப் ‘பசுமை’ மறைக்கிறதோ, அந்தச் சொல் குறிக்கும் நிலையில்தான் உழவரின் இழப்புக்கு ஒரு வேர் உள்ளது.

நீதிமன்றத்தில் பசுமை

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வின் அத்தீர்ப்பு, முன்னெச்சரிக்கை நெறியும் மாசுபடுத்துவோரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என நிறுவியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண் ஆய்வாளர்களின் அளவாய்வை எடுத்துக்காட்டி, தோல் தொழிற்பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று எனவும் பதிவு செய்தது. இவ்வழக்கையும் பிற சுற்றுச்சூழல் வழக்குகளையும் கேட்கத் தனியே ஒரு ‘கிரீன் பெஞ்ச்’ அமைத்தல் நன்று எனச் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு அறிவுறுத்தியதும் இத்தீர்ப்பே. பின்னர், 2010இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உருவாயிற்று.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சு 7 அன்று வழங்கிய தீர்வம், 547 ஆலைகள் 29,193 பேர்க்கு இழப்பீடு தரவேண்டும் என வரையறுத்தது. வழக்கு அத்துடன் முடியவில்லை. 2025 சனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் ஆகியோர் அமர்வில், பாலாற்று மாசு குறித்து மீண்டும் விரிவான ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ‘பசுமை’ என்னும் சொல் இவ்வழக்குகளின் மேல் நின்றது. அதன் கீழிருந்த நிலம் அந்த அளவுக்குப் பசுமை பெறவில்லை.

இதே காலத்தில் மூன்றாவது ‘கிரீன்’ ஒன்றும் புகுந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் திருத்திய வகைப்பாட்டில் தொழில்கள் மாசுக் குறியெண் அடிப்படையில் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை எனப் பகுக்கப்பட்டன. தோல் பதனிடுதல் சிவப்பு. அவ்வகைப்பாட்டில் 21 முதல் 40 வரை குறியெண் பெற்றவை பச்சையாகவும், 20க்கு உட்பட்டவை வெள்ளையாகவும் இருந்தன. ஆக, இப்பட்டியலில் பச்சை என்பது மாசற்றது என்று பொருள்படாது. மாசு குறைந்தவற்றுள் இரண்டாம் படியே அது. சாலை விளக்கின் குறியீட்டு மரபில் வந்த இப்பெயரைப் ‘பசுமை வகை’ என மொழிபெயர்த்தால், அட்டவணை சொல்லாத நற்சான்றைச் சொல் தானாகவே வழங்கிவிடும்.

தொகையும் விரியும்

மேற்கண்ட மயக்கத்திற்குக் காரணம் சொல் மட்டுமன்று. சொற்கள் சேர்ந்து நிற்கும் முறையும் ஆகும். ஆங்கிலப் பெயரடை பெயருக்கு முன் நிற்பது போலத் தமிழில் ‘பசுமை’ பெயரோடு தொகையாக நிற்கிறது. தொகையில் உறவு மறைந்திருக்கும். மயங்கும் தொகைகள் இரண்டு முதல் ஏழு வரையான பொருள்களில் மயங்கும் என நன்னூலார் எண்ணிட்டே கூறினார். அக்கூற்றை இலக்கண வகுப்பறைக்கு உரியது எனக் கருதி விட்டுவிடுகிறோம். அதனைப் பொது ஆவணங்களின்மேல் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

பச்சைத்தோல் என்பது பச்சையாகிய தோல் என விரியும், பண்புத்தொகை. பச்சை வகை என்பது பச்சை நிறத்தால் குறிக்கப்பெற்ற வகை என விரியும். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பசுமை அமர்வு என்பது பசுமையைக் காக்கும் அமர்வு என விரியும். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே வடிவுடையன. தமிழில் விரித்த அளவிலேயே மூன்றும் பிரிந்து நிற்கின்றன.

இனி, ‘பசுமைத் தோல்’ என்றொரு விளம்பரத் தொடரைக் கற்பனை செய்வோம். பண்புத்தொகையாக விரித்தால் அது பசுமையாகிய தோல், அதாவது பதனிடாத தோல் என்றே பொருள்படும். விற்பவர் கருதியது அதுவன்று. வேற்றுமைத் தொகையாக விரிக்க முற்பட்டால் எவ்வுருபும் எப்பயனும் மறைந்துள்ளன என்பது தெரியாது. குரோமியமின்றிப் பதனிட்ட தோலா? உப்பின்றிக் காக்கப்பட்ட தோலா? கழிவுநீரை வெளியே விடாத ஆலையில் உருவான தோலா? இம்மூன்றும் வெவ்வேறு செயல்கள். வெவ்வேறு சான்றுகளை வேண்டுவன. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலிலும் ஊறவைப்பின் உப்பு உண்டு. குரோமியத்தைத் தவிர்த்தவர் உப்பையும் தவிர்த்தார் என்பதில்லை. தொகை இவற்றை ஒரே சொல்லுக்குள் மூடுகிறது. விரி ஒவ்வொன்றையும் தனித்தனியே விடைசொல்ல வைக்கிறது.

சட்டமும் இப்போது இதே திசையில் நடக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ‘கிரீன்’ போன்ற பொதுச்சொற்களைத் தக்க விளக்கமும் சான்றும் இன்றி விளம்பரத்தில் ஆளலாகாது என்கின்றன. தமிழ் இலக்கண மொழியில் கூறின், தொகையாக நிறுத்தாதே, விரித்துச் சொல் என்பதே அந்நெறியின் சாரம். போலியான சூழல்நலக் கூற்றுக்கு ஆங்கிலத்தில் ‘கிரீன்வாஷிங்’ என்று பெயர். அதற்குப் புதுச்சொல் தேடுவோர் நம்மிடம் முன்பே உள்ள ‘பச்சைப் பொய்’ என்னும் தொடரை ஒருகால் நினைத்துப் பார்க்கலாம். அங்கே பச்சை என்பது மறைப்பின்மையைக் குறிப்பதால் கலைச்சொல்லாக அது பொருந்தாமற்போகலாம்; எனினும் மக்கள் வழக்கின் கூர்மையை அது நினைவூட்டும்.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, ‘பசுமை’ நிலைபெற்றுவிட்டது. இனி மாற்றுவது வீண் என்பது. நிறுவனப் பெயர்களைப் பொறுத்தவரை இம்மறுப்பு ஏற்கத் தக்கதே. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இடுகுறி போல நின்று தன் பணியைச் செய்கிறது. அதனை விரிக்க வேண்டுவதில்லை. ஆனால் பெயர் வேறு, கூற்று வேறு. ‘எங்கள் ஆலை பசுமை ஆலை’ என்பது பெயரன்று. மெய்யோ பொய்யோ ஆகக்கூடிய ஒரு கூற்று. விரித்தல் வேண்டும் என இங்கு வற்புறுத்தப்படுவது கூற்றுகளுக்கே.

இரண்டாவது, சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது என்பது. இதுவும் உண்மையே. பழம்பொருளுக்குத் திரும்புக என இக்கட்டுரை கோரவில்லை. பச்சைத்தோல் என்பதிலுள்ள பொருள் பழம்பொருள் மட்டுமன்று. தொழிலில் இன்றும் வாழும் பொருள். வாழும் வழக்கை ஓர் இறக்குமதி நிகரனுக்காக இழத்தல் கூடாது என்பதே கோரிக்கை.

மூன்றாவது, ‘பச்சை’ கொச்சையானது, ‘பசுமை’ செம்மையானது என்னும் எண்ணம். ‘பச்சையாகப் பேசுதல்’ போன்ற வழக்குகள் இவ்வெண்ணத்தை வளர்த்திருக்கலாம். யாழின் போர்வையைப் பச்சை என்ற புலவர்க்கு அச்சொல் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை. இவ்வேற்றத்தாழ்வு சொல்லில் இல்லை. அச்சொல்லை ஆள்வோர்மீது சமூகம் சுமத்திய ஏற்றத்தாழ்வு சொல்லின்மேல் படிந்துள்ளது. பச்சைத்தோலைத் தொட்டுப் பணிசெய்வோர் எவர், அவர்களைச் சமூகம் எங்கே நிறுத்திவைத்தது என்பதை அறிவோர்க்கு, அத்தொழிலின் சொற்கள் அகராதிகளில் மெலிந்து காணப்படுவதன் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை.

முடிவுரை

‘கிரீன்’ என்னும் பெயரடைக்கு ஒரே தமிழ் நிகரன் தேடுவது பொருந்தாது. அச்சொல் வளர்ச்சி, பதப்படாமை, குறியீடு, காப்பு எனக் கிளைத்த ஒன்று. தமிழில் அக்கிளைகளுக்கு ஏற்ற சொற்களும் அவற்றைப் பிரித்துக் காட்டும் இலக்கணமும் முன்பே உள்ளன. இதனடிப்படையில் பின்வருவன முன்மொழியப்படுகின்றன.

1. பதப்படா நிலையைக் குறிக்கும் இடமெல்லாம் ‘பச்சை’ என்பதே கலைச்சொல்லாதல் வேண்டும்.

2. மாசு வகைப்பாட்டில் ‘பச்சை வகை’ என்றே எழுதி, முதல் வருகையில் அதன் குறியெண் எல்லையையும் தருதல் வேண்டும். ‘பசுமை வகை’ என்பதை விலக்க வேண்டும்.

3. நிறுவனப் பெயரல்லாத இடங்களில் ‘பசுமை’ என்னும் தொகை வருமாயின், ஆவணத்தில் ஒரு முறையேனும் அதனை விரித்துரைத்தல் வேண்டும். எதனைத் தவிர்த்தது, எதனைக் காத்தது என்பது அவ்விரியில் வெளிப்பட வேண்டும்.

4. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்திற்கும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்திற்கும் சொல்லகராதி தொகுத்தளித்தது போல, பாலாற்றுத் தோல் தொழிலுக்கும் சொற்றொகுதி ஒன்று உருவாதல் வேண்டும். திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வைக் கூறும் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. புனைகதை நுழைந்த களத்தில் அகராதியியலும் நுழைதல் இயல்பே. உப்பிடுவோர், சதை சீவுவோர், பட்டை இடிப்போர் ஆகியோரின் சொற்கள் தமிழோடு உருதுவையும் ஆங்கிலத்தையும் கலந்தே இருக்கும்; அக்கலப்பு அப்படியே பதிவாதல் வேண்டும். பட்டையும் கடுக்காயும் பின்தங்கிய ஆலைகளில் அப்பணிகளுக்குரிய சொற்களை அறிந்த தலைமுறை முதுமை எய்திவருவதால், இப்பணியைத் தள்ளிப்போடுவதற்கில்லை.

தமிழ்த் துறைகள் தொகைநிலைத் தொடர்களைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கற்பிக்கும் வரை, அவற்றின் பயன் ஆற்றங்கரை வரை செல்லாது. ஆம்பூரில் ஓர் ஆலையின் வாயிலில் ‘பசுமை’ என்று எழுதியிருப்பதைக் காணும் மாணவர், அத்தொகையை விரித்துக் காட்டுமாறு கேட்கத் தெரிந்தவராயின், நன்னூலை அவர் கற்றது வீண்போகவில்லை.